பெட்டிக்குள் இருந்ததும் பெட்டியின் மேல் இருந்ததும்

என் சுமதி அக்காவுக்கு. நீ இருக்கும் இடத்தில் குளிர் இல்லாமல் இருக்கட்டும்.

சம்மன் வந்துவிட்டது. வருகிற வாரம் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டும். உன்மேல் இருந்த வழக்கு உன்னோடு அற்றுப்போனது. வக்கீல் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினார், அற்றுப்போனது என்று. நசீரின் மேல் இருப்பது அப்படியே இருக்கிறது. ராணுவ ரகசியத்தைத் தெரிந்தே வெளியிட்டான் என்கிற வழக்கு.

என்னிடம் கேட்கப்போவது ஒரே கேள்வி. அந்தப் படத்தில் பெட்டியின் மேலிருந்த எழுத்தை வெட்டாமல் போடச் சொன்னது யார்?

பதில் தெரிந்தவர்கள் மூன்று பேர். நீ உயிரோடு இல்லை. நசீர் கூண்டில் நிற்கிறான். மிச்சம் நான்.

வீட்டுச் செய்தி சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் வண்டியை நான்தான் ஓட்டுகிறேன், பிரேக் இன்னும் கத்துகிறது. கம்பெனி நடக்கிறது. உன் மேசையில் இப்போது ஓர் ஒடிசாப் பெண் நிற்கிறாள். போன மாதம் சந்தையில் என்னைப் பார்த்து, "சுமதி தீதீ தம்பியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மேற்கொண்டு பேச அவளுக்குத் தமிழ் போதவில்லை, எனக்கு இந்தி போதவில்லை. கொஞ்ச நேரம் இருவரும் தக்காளியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இதை நீ மட்டும் படிக்கவில்லை, அக்கா. பத்திரிகையில் வருகிறது. ஆகவே உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லிக்கொண்டு போகிறேன். பொறுத்துக்கொள்.

முதலிபாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. அதில் நீ குவாலிட்டி பார்க்கிறவள். தைத்து, இஸ்திரி போட்டு, மடித்து, அட்டைப்பெட்டிக்குள் போவதற்கு முன் துணியைக் கடைசியாகத் தொடும் கை உன்னுடையது. வெளிநாட்டு ஆர்டர் குறைந்திருந்த வருடம் அது. யாரோ வழியாக முதலாளிக்கு ராணுவ ஆர்டர் கிடைத்தது. பனியில் நிற்கும் சிப்பாய்கள் உள்ளே போட்டுக்கொள்ளும் தடித்த பனியன். தெர்மல் என்பார்கள்.

ஒரு நாள் அதை எடுத்துக் கையில் பிடித்த உடனே உனக்குத் தெரிந்துவிட்டது. வட்டக் கத்தியால் ஒரு துண்டு வெட்டித் தராசில் வைத்தாய். சொன்ன கனம் இல்லை. நல்ல குறைவு. இன்னொரு பெட்டியைப் பிரித்தாய். அதிலும் அப்படியே.

வெள்ளகோவில் பெரியம்மா மகன் பிரபு அண்ணன் அப்போது ராணுவத்தில் எங்கோ பனியில் இருந்தார். எங்கே என்று பெரியம்மாவுக்கே தெரியாது. அன்று மாலை நீ வீட்டுக்கு வந்து முதலில் சொன்னது அவர் பெயரைத்தான். "இதப் போட்டுட்டு நம்ம பிரபு எப்பிடிடா நிப்பான்?"

மேனேஜரிடம் போனாய். அந்தப் பேச்சை நீ வீட்டில் நடித்துக் காட்டியது எனக்கு மறக்காது. அவர் குரலுக்கு மூக்கைப் பிடித்துக்கொள்வாய்.

"அம்மிணி, இது கவர்மென்ட் ஆர்டர். சரக்கு வாங்கற பையர் பேரையே வெளிய சொல்லக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கறோம். நீ வந்து கனம், தராசுன்னு பேசற."

"பேரை நான் சொல்லலீங்க. கனத்தைத்தான் சொல்றனுங்க."

"ரெண்டும் ஒண்ணுதான். ரகசியம்னா ரகசியம்."

"துணி குறைஞ்சா அதுவும் ரகசியமுங்களா?"

"போயி வேலையப் பாரு சாமி. உனக்குப் புண்ணியமாப் போவும்."

அம்மாகூடச் சிரித்தாள். நீ மட்டும் கடைசி வரியில் சிரிப்பை நிறுத்திவிட்டாய்.

அந்தச் சரக்கைப் பார்த்துச் சரியென்று முத்திரை போட அரசாங்கத்திலிருந்து ஒருவர் வந்தார். முதலாளி அறையில் சாப்பிட்டார். முத்திரை விழுந்தது. உள்ளே சொல்ல வேண்டிய இடம் எல்லாவற்றிலும் சொன்னாய். மேலிடத்துக்கு எழுதிப் போட்டாய், பதில் இல்லை. அதற்குப் பிறகுதான் என்னிடம் கேட்டாய், "உன்ற கூடப் படிச்ச பையன் ஒருத்தன் பத்திரிகை நடத்தறான்னியே?"

நசீர். என் கல்லூரித் தோழன். கம்பெனிகள் கழித்துவிட்ட செகண்ட்ஸ் சரக்கும் விற்கும் காதர்பேட்டையில் அவன் அப்பாவுக்குப் பனியன் கடை. கடையில் உட்கார் என்றால் உட்காராமல், இரண்டு பேரை வைத்துக்கொண்டு இணையத்தில் ஓர் இதழ் நடத்திக்கொண்டிருந்தான். சாயப்பட்டறை, பஸ் வசதி, வடநாட்டுத் தொழிலாளிகளின் தங்கும் அறை, இப்படி.

இனி அந்தப் படம்.

நம் ஊர் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சரக்கில் குறை என்று படம் எடுத்தால் பெட்டி மார்க்கோடு சேர்த்து எடுக்க வேண்டும். பெட்டியின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் எழுத்துதான் மார்க். எந்த லாட், எத்தனை பீஸ், என்ன அளவு, எங்கே போகிறது. அது இல்லாத படத்தைக் காட்டினால் எதிராளி, "இது எங்க சரக்கே இல்லை" என்பான். ஒரு முறை வெளிநாட்டுக்காரன் ஒருவன் அப்படிச் சொல்லி, மொத்தப் படத்தையும் உன்னை மறுபடி எடுக்க வைத்தார்கள். அதற்குப் பிறகு மார்க் இல்லாமல் நீ ஒரு படமும் எடுத்ததில்லை. வீட்டுக்கு வாங்கிய மிக்சி ஓடவில்லை என்று கடைக்காரனுக்கு அனுப்பிய படத்தில்கூட அட்டைப்பெட்டி பின்னால் நின்றது.

அப்படித்தான் இதையும் எடுத்தாய். முன்னால் தராசு, தராசின் மேல் வெட்டிய துண்டு, எண் தெளிவாக. பின்னால் பெட்டி. பெட்டியின் மேல் மார்க்.

பேக்கரியில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். நசீர் போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"அக்கா, பின்னாடி இந்த எழுத்தெல்லாம் என்னங்க?"

"மார்க்குங்க. எல்லாப் பெட்டியிலயும் இருக்கும்."

"மிலிட்டரி சமாச்சாரமாச்சே. இத வெட்டிப்போட்டுப் போடட்டுங்களா?"

"வெட்டாதீங்க. வெட்டுனீங்கன்னா நாளைக்கே எங்க மேனேஜரு, 'இது எங்க துணி இல்ல, காதர்பேட்டையில பொறுக்குன செகண்ட்ஸு'ம்பாரு. உங்கப்பா கடைச் சரக்குன்னே சொன்னாலும் சொல்லுவாரு."

"எங்கப்பா இத்தன மோசமாவெல்லாம் விக்க மாட்டாருங்கக்கா."

நீ சிரித்தாய். பிறகு போனை அவன் பக்கமாகத் தள்ளிவிட்டுச் சொன்னாய். "நெசமாத்தான் சொல்றேன். மார்க்கு இருக்கோணும். மார்க்கு இல்லீன்னா படமே வேண்டாம், குடுத்துருங்க."

நசீர் என்னைப் பார்த்தான். நான் பப்ஸ் தின்றுகொண்டிருந்தேன். எனக்கும் நீ சொன்னது சரியென்றே பட்டது. "சரிங்கக்கா" என்றான்.

அவ்வளவுதான் நடந்தது. லாட் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, போகிற இடத்தை மறைத்திருக்கலாம். ஒரு விரல் அகலம். இன்று எவனுக்கும் தோன்றும். அன்று மூவருக்கும் தோன்றவில்லை.

படம் வெளிவந்தது. முதல் நாள் பனியனைப் பற்றிப் பேசினார்கள். மறுநாள் யாரோ ஒருவன் படத்தைப் பெரிதாக்கி, மார்க்கை மட்டும் வெட்டி எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு உலகத்துக்கே அனுப்பிவிட்டான். நாட்டுப்பற்று உள்ளவன்தான். உன்னைத் திட்டிய வாசகத்தோடுதான் அனுப்பினான். அவன் மேல் வழக்கு இல்லை.

அந்த இடத்தின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. எத்தனை பீஸ் என்பதையும் எழுதவில்லை. எல்லோருக்கும் தெரிந்த பிறகு இது எதற்கு என்று ஒரு மனம் கேட்கிறது. மறைப்பது பயமா, புத்தியா?

மூன்றாம் நாளிலிருந்து துணியை யாரும் பேசவில்லை. ஒரு பக்கம் துரோகி என்றார்கள். எதிரிநாட்டுக்காரன் உனக்கு என்ன கொடுத்தான் என்று ஒரு கோட்டுக்காரர் தொலைக்காட்சியில் கேட்டார். நசீரின் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், பெயரே சாட்சி என்பதுபோல. இன்னொரு பக்கம் உனக்குச் சுவரொட்டி அடித்தார்கள். உண்மையின் மகள் என்று. அந்தக் கூட்டத்துக்கு நான் போனேன். கருத்துச் சுதந்திரத்தைப் பற்றி நன்றாகப் பேசினார்கள், நானே எழுதிக் கொடுத்ததுபோல இருந்தது. மார்க்கைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

படிக்கும் காலத்தில் ஒரு கட்டுரையில் எழுதினேன், அரசு ரகசியம் என்று சொல்வது பெரும்பாலும் அதன் வெட்கத்தை என்று. நல்ல மதிப்பெண் வந்தது. அந்த வரி இன்றும் பொய்யில்லை. பெட்டிக்குள் இருந்தது வெட்கம். ஆனால் பெட்டியின் மேல் இருந்தது ரகசியம். உண்மையான ரகசியம். மறைக்கப்பட வேண்டியது. இரண்டும் ஒரே அட்டையின் இரண்டு பக்கம்.

வெட்கத்தைக் காப்பாற்ற அவர்கள் ரகசியத்தைக் கூப்பிட்டார்கள். வெட்கத்தை வெளியே எடுக்கப் போய் நீ ரகசியத்தையும் எடுத்துவிட்டாய். இதில் யாரை எங்கே நிறுத்துவது?

கல்லூரியில் இப்போது நான் கருத்துச் சுதந்திரப் பாடத்தைத்தான் நடத்துகிறேன், தற்காலிக ஆசிரியராக. போன வாரம் ஒரு மாணவி எழுந்தாள். "சார், சொல்றதுக்கு உரிமை இருக்குது, சரிங்க. கேக்கறவன் யாருன்னு பாக்க வேண்டாமுங்களா?" பாடத்தில் அதற்கு ஒரு சொற்றொடர் உண்டு, நியாயமான கட்டுப்பாடுகள். பலகையில் எழுதினேன். அவள் குறித்துக்கொண்டாள். இருவருக்குமே போதவில்லை.

கைதாகி ஜாமீனில் வந்த பிறகு ஒரு நாள் மாடியில் நீ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய். அப்போதுதான் கேட்டேன். மார்க்கில் என்ன எழுதியிருந்தது என்று நீ படித்தாயா?

"மார்க்கு இருக்குதா, நேரா அடிச்சிருக்குதா, மை அழிஞ்சிருக்குதா, இதத்தான்டா பாப்போம். என்ன எழுதியிருக்குதுன்னு எவ படிச்சா? பெட்டி பெட்டியா வருமே."

"படிச்சிருந்தா?"

வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்தாய். "படிச்சிருந்தா வெட்டியிருப்பேனான்னு கேக்கறியா? தெரியல. மேனேஜரு இது எங்க துணி இல்லைன்னு சொல்லுவாரேங்கறது ஒண்ணுதான் அன்னைக்கு என்ற மண்டையில இருந்துச்சு."

அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதும், காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட முடியவில்லையே, ஜாமீனை ரத்து செய்துவிடுவார்களோ என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். செய்யவில்லை. அவர்களுக்கு அவசியம் ஏற்படவில்லை.

இனிச் சொல்வது உனக்குத் தெரியாது. இதற்காகத்தான் கடிதமே. இவ்வளவு நேரம் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன்.

பிரபு அண்ணன் பணிக்காலம் முடிந்து ஊருக்கு வந்துவிட்டார். வெள்ளகோவில் போய்ப் பார்த்தேன். கிணற்று மோட்டாரைப் பிரித்துப் போட்டு, கையெல்லாம் கிரீஸோடு உட்கார்ந்திருந்தார். காப்பி வந்தது. பெரியம்மா உள்ளே போனபிறகு அவராகவே ஆரம்பித்தார்.

"அந்தப் பனியன மாத்திக் குடுத்தாங்கடா. சத்தமில்லாம பழசத் திருப்பி வாங்கிட்டுப் புதுசு குடுத்தாங்க. நல்லாக் கதகதன்னு இருந்துச்சு. ஒரு பஞ்சாபிக்காரன் சொல்றான், 'திருப்பூருல எவளோ ஒருத்தி சண்டை போட்டாளாம், அதான் இது'ன்னு. எங்க அக்காதான்டான்னு வாய் வரைக்கும் வந்துச்சு."

"சொல்லலீங்களா?"

"சொல்லியிருந்தா என்னையும் உக்கார வெச்சு விசாரிச்சிருப்பானுங்க."

சிரித்தார். நானும் சிரித்தேன். அதோடு எழுந்து வந்திருக்கலாம்.

"இன்னொண்ணு இருக்குது" என்றார். "பெட்டியில எழுதியிருந்த எடத்துல இருந்தவங்க எங்க ஆளுக இல்ல, பக்கத்து யூனிட்டு. அவங்களைய எடம் மாத்தச் சொல்லிட்டாங்க. ஊருக்கே தெரிஞ்சுபோன எடத்துல எப்பிடி இருக்கறது? பனி கொட்டற மாசம். நாங்க போயித்தான் கூடாரம் பிரிச்சுக் குடுத்தோம். போற வழியில ஒரு வண்டி உருண்டுருச்சு. ஓட்டுனவன் போயிட்டான்."

எனக்குக் காப்பி டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அந்தப் படத்துனாலயாண்ணா?"

"அது எப்பிடிச் சொல்றது? அங்க வருசா வருசம் வண்டி உருளும். ரோடு அப்பிடி." ஒரு நட்டை எடுத்துத் துணியில் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்தார். "ஆனா அன்னைக்கு அந்த வண்டி அந்த ரோட்டுல போக வேண்டிய அவசியமில்ல."

அக்கா. நீ இதைத் தெரிந்துகொள்ளாமல் போனது நல்லதா?

"அக்கா மேல கோவமுங்களாண்ணா?"

"கோவமா? அந்தப் பழைய பனியனப் போட்டுட்டும் நான்தானே நின்னேன். கொஞ்சங் கொஞ்சமா நடுக்கம் ஏறும் பாரு, பல்லு தந்தியடிக்கும்." நிறுத்தினார். "செத்தவன் நல்ல பையன். நல்லாப் பாடுவான். என்ன சொல்லச் சொல்ற?"

எழுதலாமா என்று கேட்டேன். "எடத்தப் போடாத. அவன் பேரப் போடாத. அவங்கம்மா எங்கியோ ஒரு ஊருல இருக்குது. அது இதப் படிச்சா என்ன நெனைக்கும்னு பாத்துட்டு எழுது."

பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அந்தத் தாய்க்குத் தமிழ் தெரியாது. அது எனக்கு ஆறுதலாக இருப்பதுதான் அசிங்கமாக இருக்கிறது.

சரி. சாட்சிக்கு வருகிறேன்.

சம்மனைக் கொண்டுவந்த ஆய்வாளர் தெற்கத்திக்காரர். மரியாதையான மனிதர். அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுச் சொன்னார். "தம்பி, உங்க அக்கா போய்ச் சேந்துட்டாவ. அவியள இழுக்கது நமக்கெதுக்கு? மார்க்க வெட்டாம குடுங்கன்னு அந்தப் பயதான் கேட்டான், இவிய வெவரம் தெரியாம குடுத்துட்டாவ. அப்படிச் சொல்லிட்டா முடிஞ்சு போச்சு. ஊரும் பாவம் பிள்ளைய ஏமாத்திட்டானுவன்னு பேசும்."

"அப்படி நடக்கலையே சார்."

"நடந்தத ஆரு பாத்தா?"

"நான் பார்த்தேன் சார்."

அவர் என்னையே கொஞ்சம் பார்த்தார். "அதாம்ல பிரச்சினை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அவர் போன பிறகு அம்மா ஆரம்பித்தாள். "அந்த ஐயா சொல்றது என்ன தப்பு கண்ணு? கடைவீதிக்குப் போனா, துரோகியப் பெத்தவ வர்றான்னு பேசறாளுக. பால்காரன்கூட மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. அந்தப் பையன்தான் ஏமாத்தி வாங்கிட்டான்னு ஒரு வார்த்த சொல்லிப்போடு. என்ற புள்ள பேரு தப்பிச்சுக்கும்."

"நசீர் உள்ள போயிருவான்மா."

"அவன் உசுரோட இருக்கறான்ல."

அம்மா கெட்டவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். நோன்புக்கு நசீர் வீட்டிலிருந்து வரும் கஞ்சியை முதலில் குடிப்பவள் அவள்தான். அவன் உள்ளே போனால் அழுவாள். ஆனால் உன்னைக் காப்பாற்ற அவளிடம் இப்போது இருப்பது அந்த ஒரு வார்த்தைதான். அதுவும் என் வாயில் இருக்கிறது.

ஜாமீனில் இருக்கும் நசீரிடம் போனேன். அவனாவது நான் உண்மை சொல்வதை விரும்புவான் என்று நினைத்தேன். கடையில் அப்பாவுக்குப் பதிலாக உட்கார்ந்திருந்தான். இதழ் நின்றுவிட்டது. குழந்தைகள் பனியனை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டே பேசினான்.

"வெட்டட்டான்னு கேட்டத வக்கீல்கிட்டயே நான் சொல்லலடா. நீயும் சொல்லாத."

"ஏன்டா? உனக்கு அது ஒண்ணுதானே பிடி? எடத்தக் காட்டணும்னே நீ போட்டன்னுதானே கேஸு. வெட்டறேன்னு சொன்னவன் அப்பிடி நெனைச்சிருப்பானா?"

"அப்ப காட்டச் சொன்னது அக்கான்னு ஆகும்."

"ஆமா."

"அவங்க பதில் சொல்ல முடியாது. நான் இருக்கறேன், சொல்லிக்கறேன்." ஒரு பனியனை உதறி மடித்தான். "தவிர, பத்திரிகை என்னுது. அவங்க ஆயிரம் சொல்லலாம். போட்டது என்ற கை. அக்கா சொன்னாங்கன்னு போட்டேன்னா நான் எதுக்குடா ஆசிரியர்?"

"எத்தன வருசம் போடுவாங்கன்னு தெரியுமாடா?"

"தெரியும். நீ மெதுவாப் பேசு, அப்பா சாப்பிடறாரு."

இப்படி எல்லோரும் உன்னைக் காப்பாற்றுகிறார்கள், அக்கா. ஆய்வாளர் உன்னை விவரம் தெரியாதவள் ஆக்கிக் காப்பாற்றுகிறார். அம்மா உன்னை ஏமாந்தவள் ஆக்குகிறாள். நசீர் உன்னைப் படத்திலிருந்தே எடுத்துவிடப் பார்க்கிறான். கூட்டம் போட்டவர்கள் உன்னைத் தப்பே செய்யாதவள் ஆக்கிவிட்டார்கள். இதில் எது நீ?

உனக்கு விவரம் தெரியும். நீ ஏமாறவில்லை. மேனேஜர் முகத்துக்கு எதிரே, துணி குறைந்தால் அதுவும் ரகசியமா என்று கேட்டவள் நீ. அந்தத் தெளிவோடுதான் பேக்கரியில், வெட்டாதீர்கள் என்றும் சொன்னாய். முதலாவது சரி. இரண்டாவது தவறு. இரண்டையும் ஒரே ஆள்தான் சொன்னாள். உன் தவறை உன்னிடமிருந்து பிடுங்கினால் உன் துணிச்சலும் கூடவே வந்துவிடுகிறதே. விவரம் தெரியாத பெண் சொன்ன கனம் மட்டும் எப்படிச் சரியாகும்? நாளைக்கே கம்பெனி, தராசைப் பார்க்கவும் தெரியாதவள் என்று சொல்லாதா?

நசீரின் வக்கீலைத் தனியாகப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். நீ மேலிடத்துக்கு எழுதியதன் நகலையும் கொடுத்தேன். இதைப் பத்திரிகையில் எழுத வேண்டாம் என்றார். கூண்டில் சொல்லப்போவதைத்தானே எழுதுகிறேன் என்றேன். தலையில் கைவைத்துக்கொண்டார். நசீர் இதைப் படித்தால் போன் செய்து திட்டுவான். திட்டட்டும். உயிரோடு இருக்கிறவன் திட்டினால் கேட்டுக்கொள்ளலாம்.

நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"அவ தப்புப் பண்ணுனான்னு கோர்ட்டுல நின்னு சொல்லுவியா?"

"தப்புன்னு சொல்ல மாட்டேன்மா. அவ சொன்னதச் சொல்லுவேன். ஏன் சொன்னாங்கறதையும் சொல்லுவேன்."

"கேக்கறவன் தப்புன்னுதான் எழுதிக்குவான்."

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். காலையில் சோறு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், பேசவில்லை.

என்ன நடக்கும் என்று தெரியாது. நான் சொல்வதால் நசீர் தப்பிப்பான் என்றும் உறுதியில்லை. பத்திரிகை ஆசிரியன் என்ற முறையில் கொஞ்சமாவது அவன்மேல் நிற்கும் என்கிறார் வக்கீல். உன் பெயர் என்ன ஆகும் என்பது உறுதியாகத் தெரியும். கொஞ்ச நாள் இன்னும் மோசமாகப் பேசுவார்கள். சுவரொட்டி அடித்தவர்கள் மெல்ல விலகிக்கொள்வார்கள்.

இருந்தாலும், அக்கா, இது என் வாக்கு. நீ சொன்னதை நீ சொன்ன மாதிரியே சொல்வேன். வெட்டட்டுமா என்று நசீர் கேட்டதையும், வேண்டாம் என்று நீ சொன்னதையும். அதற்கு முன் நீ எத்தனை கதவைத் தட்டினாய் என்பதையும் சேர்த்தே சொல்வேன், நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தமாட்டேன். அந்த ஓட்டுநரைப் பற்றி அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. அது இந்தக் கடிதத்தில் இருக்கட்டும். நீ அங்கே அவனைப் பார்த்தால் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. ஒளிய மாட்டாய் என்று மட்டும் தெரியும்.

சாட்சி சொல்லிவிட்டு நேராக வீட்டுக்கு வருவேன். அம்மா கதவைத் திறக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் வெளியிலேயே நிற்பேன்.

உன்னைத் தொட்டுப் பிறந்த தம்பி,
கதிர்